தொலைநோக்கித் தாங்கியைக் கணினி வழி இயக்குதல்

கணினித் திரையில் விரியும் வானத்தில் ஒரு விண்மீனையோ கோளையோ தேர்ந்து, அதே பொருளை நோக்கி வெளியே நிற்கும் தொலைநோக்கியைத் தானாகத் திரும்பச் செய்யும் முறை, தாங்கியைக் கணினி வழி இயக்குதல் எனப்படும். ஒளியைத் திரட்டும் குழாயைச் சுமந்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு அச்சுகளில் அதைச் சுழற்றும் பொறியமைப்பே தாங்கி. வானியல் ஆர்வலர்கள் பேச்சில் இதை மவுன்ட் என்றே வழங்குவர். குறிப்பிட்ட நாளிலும் இடத்திலும் வானம் எவ்வாறு தோன்றும் என்பதைக் கணக்கிட்டு வரைந்து காட்டும் நிரல் கோளரங்க மென்பொருள் ஆகும். இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் செய்தி மிகச் சிறியது: வானத்தின் ஒரு புள்ளியைக் குறிக்கும் இரண்டு எண்கள், அவற்றோடு ‘திரும்பு’, ‘நில்’, ‘எங்கே இருக்கிறாய்’ என்னும் பொருளுடைய சில கட்டளைகள், அவ்வளவே. அந்த இரண்டு எண்களும் எந்த நேரத்து வானத்துக்கு, எந்த இடத்து வானத்துக்கு, எந்த ஆண்டின் அளவைக்கு உரியவை என்பதில் கணினியும் தாங்கியும் ஒத்துப்போகவேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நிலை. கம்பியையும் மென்பொருளையும் சரியாக இணைத்த பிறகும் தொலைநோக்கி வெறும் இருட்டைக் காட்டுமானால், பெரும்பாலும் அந்த ஒப்புதலில்தான் எங்கோ பிசகு நேர்ந்திருக்கும்.

அச்சுகளும் மோட்டார்களும்

தாங்கிகள் இருவகைப்படும். ஓர் அச்சு செங்குத்தாகவும் மற்றொன்று கிடையாகவும் அமைந்து, தொலைநோக்கியை இடவலமாகவும் மேல்கீழாகவும் அசைப்பது கிடை–குத்துத் தாங்கி. ஓர் அச்சைப் புவியின் சுழல் அச்சுக்கு இணையாகச் சாய்த்து, அதாவது வானத்தின் துருவத்தை நோக்கி நிறுத்தி, அந்த ஒரே அச்சைச் சீரான வேகத்தில் சுழற்றினாலே விண்மீனைத் தொடர முடியும்படி அமைப்பது துருவ அச்சுத் தாங்கி. ஜெர்மானிய ஒளியியலாளர் ஜோசப் ஃபிரான்ஹோஃபர் வடித்து, 1824இல் டோர்பட் நகரின், அதாவது இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டுவின், வானாய்வகத்துக்கு வந்துசேர்ந்த தொலைநோக்கியில் இவ்வமைப்பு முழு வடிவம் பெற்றது. எடைக்கல் ஒன்று மெல்ல இறங்கும் விசையால் ஓடிய கடிகாரப் பொறி அதன் துருவ அச்சைச் சுழற்றியது. ஒரே அச்சு, ஒரே வேகம் என்ற இந்த எளிமைக்காகவே, கணக்கிடும் பொறிகள் வரும்வரை பெரிய தொலைநோக்கிகள் பெரும்பாலும் துருவ அச்சிலேயே கட்டப்பட்டன. கிடை–குத்துத் தாங்கியில் இரு அச்சுகளும் ஒவ்வொரு கணமும் மாறும் வேகத்தில் சுழலவேண்டியிருப்பதால், இடைவிடாமல் கணக்கிட்டுத் தரும் கணினியில்லாமல் அது விண்மீனைத் துல்லியமாகத் தொடர இயலாது. காக்கசஸ் மலைப்பகுதியில் சோவியத் ஒன்றியம் 1975இல் கட்டி முடித்த 6 மீட்டர் தொலைநோக்கி கணினியின் துணையோடு கிடை–குத்துத் தாங்கியில் நிறுவப்பட்ட பிறகு, மிகப் பெரிய தொலைநோக்கிகள் பெரும்பாலும் அவ்வழியைப் பின்பற்றலாயின.

புவி தன் அச்சில் ஒருமுறை சுழல எடுக்கும் நேரம் 24 மணி அன்று. விண்மீன்களைக் கொண்டு அளந்தால் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி, அதாவது 86,164 விநாடி. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்றும், கலையின் அறுபதில் ஒரு பங்கை விகலை என்றும் வழங்கும் பழைய அளவையில் சொன்னால், வானம் விநாடிக்குச் சுமார் 15.04 விகலை நகர்கிறது. தாங்கியும் அதே வேகத்தில் அதே திசையில் நகரவேண்டும். சிறு தாங்கிகளில் இந்த மெல்லிய நகர்வை, துடிப்புக்கு ஒரு சிறு படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரோ, சுழற்சியை அளக்கும் உணரியோடு கூடிய சர்வோ மோட்டாரோ உண்டாக்க, திருகுபோன்ற தண்டு ஒன்று பெரிய பற்சக்கரத்தைத் தள்ளிச் சுழற்றும் வார்ம் கியர் அதை அச்சுக்குக் கடத்துகிறது. ஆர்வலர்களிடையே பரவலான ஸ்கை-வாட்சர் நிறுவனத்தின் ஈக்யூ6 தாங்கியில் ஒரு முழுச் சுற்று 90,24,000 நுண்படிகளாகப் பகுக்கப்படுவதால், ஒரு படி ஏறத்தாழ 0.14 விகலைக்குச் சமம். அதே தாங்கியின் பெரிய சக்கரத்தில் 180 பற்கள் உள்ளன. திருகுத் தண்டு ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும், தண்டின் வடிவில் உள்ள சிறு குறைகள் அந்த 8 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வெளிப்படும். மோட்டார் எத்துணை நுண்ணிதாக நகர்ந்தாலும் உலோகம் கடைந்த கையின் குறையும், பற்களுக்கு இடையேயுள்ள தளர்வும் இறுதித் துல்லியத்தைத் தீர்மானிக்கின்றன. கணினிக்கு அவை தென்படுவதில்லை.

இரண்டு எண்களின் மொழி

புவியில் ஓரிடத்தை நெட்டாங்கும் அகலாங்கும் குறிப்பதுபோல, வானத்தில் ஓரிடத்தை வல ஏற்றமும் நடுவரை விலக்கமும் குறிக்கின்றன. முன்னது வானநடுவரையின் நெடுகே கிழக்குநோக்கி 0 முதல் 24 மணி வரை அளக்கப்படுவது. பின்னது நடுவரையிலிருந்து வடக்கே 90 பாகை, தெற்கே 90 பாகை என அளக்கப்படுவது. கணினி அனுப்புவதும் தாங்கி திருப்பிச் சொல்வதும் இந்த இணையைத்தான்.

அமெரிக்காவின் மீட் நிறுவனம் 1992இல் வெளியிட்ட எல்எக்ஸ்200 தொலைநோக்கி, இந்த உரையாடலுக்கு ஒரு நடையை ஏற்படுத்தியது. சீரியல் போர்ட் என்னும் பழைய இணைப்புத் துறை வழியாக விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில், முக்காற்புள்ளியில் தொடங்கி ஹேஷ் குறியில் முடியும் ஓரிரு எழுத்துக் கட்டளைகளாக அது பேசியது. இலக்கின் வல ஏற்றத்தை ஒரு கட்டளை, விலக்கத்தை மற்றொரு கட்டளை பதிவு செய்ய, மூன்றாவது கட்டளை நகரச் சொல்லும். நகர முடியுமானால் சுழியமும், இலக்கு தொடுவானத்துக்குக் கீழே இருந்தால் ஒன்றும் விடையாக வரும். இம்மொழி எவரும் எளிதில் நிரலாக எழுதக்கூடியதாக இருந்ததால், வேறு பல நிறுவனங்களின் தாங்கிகளும், ஆர்வலர்கள் தாமே செய்துகொள்ளும் ஆர்டுயினோ அடிப்படையிலான கட்டுப்பாட்டு மின்சுற்றுகளும் இன்றுவரை அதையே பேசுகின்றன. ஆனால் அதன் குறுகிய வடிவம் வல ஏற்றத்தை நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கு வரையே சொல்லும். அது வானநடுவரையில் 1.5 கலை, அதாவது 90 விகலை. விநாடி வரை சொல்லும் நீண்ட வடிவுக்கு மாற்றாமல் விட்டால், தாங்கி எவ்வளவு துல்லியமாக இருந்தும் பேச்சின் பருமையால் இலக்கு பிசகும். செலஸ்ட்ரான் நிறுவனத்தின் நெக்ஸ்ஸ்டார் மொழி வேறு வழியைக் கையாள்கிறது: முழு வட்டத்தை 65,536 பகுதிகளாகப் பிரித்து அதில் எத்தனையாவது பகுதி என்று பதினாறடிமான எண்ணில் சொல்கிறது. ஒரு பகுதி சுமார் 20 விகலை. துல்லியம் வேண்டும் கட்டளைகளில் வட்டம் 1,67,77,216 பகுதிகளாகப் பிரிபடுவதால் ஒரு பகுதி 0.08 விகலைக்கும் குறைவாகிறது.

ஒவ்வொரு தாங்கிக்கும் ஒவ்வொரு மொழி இருக்க, ஒவ்வொரு மென்பொருளும் எல்லா மொழிகளையும் கற்கவேண்டிய நிலை நீடிக்கவில்லை. விண்டோஸ் கணினிகளுக்கென 1990களின் பிற்பகுதியில் உருவான அஸ்காம் என்னும் பொது இடைமுகம், தாங்கியின் மொழி அறிந்த இயக்கி நிரல் ஒன்றைத் தாங்கிக்கு ஒன்றாக எழுதிவிட்டால் போதும், எல்லா மென்பொருள்களும் ஒரே பொதுமொழியில் அதனிடம் பேசலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. லினக்ஸ் உலகில் எல்வுட் டவுனி தொடங்கிய இண்டி என்னும் நெறிமுறை அதே பணியை வலைப்பின்னல் வழியே செய்கிறது: தாங்கியருகே உள்ள கணினியில் இண்டி வழங்கி நிரல் ஓட, அது 7624 என்னும் துறையெண்ணில் காத்திருந்து, வேறு அறையிலோ வேறு ஊரிலோ இருக்கும் மென்பொருளிடமிருந்து கட்டளை பெறும். கையளவே உள்ள ராஸ்பெரி பை கணினியைத் தாங்கியின் காலில் கட்டிவைத்து, வீட்டுக்குள் இருந்தபடி வானத்தைப் பார்க்கும் வழக்கம் இதனால்தான் எளிதாயிற்று. அஸ்காமும் பின்னர் அல்பகா என்ற பெயரில் வலைப்பின்னல் வழி இயங்கும் வடிவம் பெற்றது.

ஸ்டெல்லேரியம் எடுத்துக்காட்டு

பிரெஞ்சு நிரலர் ஃபாபியன் ஷெரோ 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டெல்லேரியம், விலையின்றிக் கிடைப்பதும் மூலநிரல் திறந்திருப்பதுமான கோளரங்க மென்பொருள். பாட்ரிக் செவாலே உருவாக்கிய கார்த் து சியல், கேடிஈ குழுவின் கேஸ்டார்ஸ் ஆகியவையும் இதே பணியைச் செய்வன. கேஸ்டார்ஸில் உள்ள ஈகோஸ் என்னும் பகுதி ஒளிப்படக்கருவி, குவிப்பி, தாங்கி மூன்றையும் சேர்த்து ஆளவல்லது.

ஸ்டெல்லேரியத்தில் தொலைநோக்கிக் கட்டுப்பாடு ஒரு செருகுநிரலாக உடன்வருகிறது; தொடக்கத்தில் அது உறங்கும் நிலையில் இருக்கும், அமைப்புச் சாளரத்தில் தொடக்கத்திலேயே ஏற்றும்படி குறித்து, மென்பொருளை மூடித் திறந்த பிறகே செயல்படும். ஒன்பது தொலைநோக்கிகள் வரை அதில் பதிவு செய்யலாம். தாங்கி நேரடியாக சீரியல் போர்ட்டில் இணைந்திருக்கிறதா, அஸ்காம் வழியா, இண்டி வழியா, வேறொரு கணினியில் ஓடும் நிரல் வழியா என்று முதலில் கேட்கப்படும். கருவியே இல்லாமல் பழகிப் பார்க்கப் பொய்த் தொலைநோக்கி ஒன்றும் உண்டு. பயில்வோர் முதலில் இந்தப் பொய்த் தொலைநோக்கியிலேயே எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்துவிடுவது, இருட்டில் விலையுயர்ந்த கருவியோடு தடுமாறுவதைத் தவிர்க்கும். இணைப்பு ஏற்பட்டதும் திரை வானத்தில் ஒரு வட்டக் குறி தோன்றித் தாங்கி நோக்கும் இடத்தைக் காட்டும். ஒரு பொருளைச் சொடுக்கித் தேர்ந்து, கன்ட்ரோல் விசையோடு அத்தொலைநோக்கியின் எண்ணை அழுத்தினால் தாங்கி திரும்பத் தொடங்கும், குறியும் வானத்தில் ஊர்ந்து செல்லும்.

இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் இல்லாமையால் யூஎஸ்பி மாற்றிக் கம்பி தேவைப்படுகிறது. கணினி அக்கம்பிக்குத் தரும் காம் எண், கம்பியை வேறு துளையில் செருகினால் மாறிவிடக்கூடும். நேற்று இயங்கிய அமைப்பு இன்று இணைய மறுப்பதற்கு இதுவே மிகப் பொதுவான காரணம். இன்னொன்று இதைவிடக் கவனத்துக்குரியது. கைக்கட்டுப்பாட்டுக் கருவியின் அடியில் உள்ள துளை, பழைய சீரியல் மின்னழுத்தத்தை ஏற்கும்; ஈக்யூ6 போன்றவற்றின் மோட்டார் மின்சுற்றோடு கைக்கருவியில்லாமல் நேரே இணையும் துளை 5 வோல்ட் அளவையே ஏற்கும். ஒன்றுக்குரிய கம்பியை மற்றொன்றில் செருகினால் மின்சுற்று கருகக்கூடும். உருவில் அவை ஒத்திருப்பதால் கம்பியைப் பெயர் எழுதி ஒட்டிவைப்பது வீண் வேலை அன்று.

ஒப்புதல் பிசகும் இடங்கள்

திரையில் தோன்றும் வட்டக் குறி, தொலைநோக்கி உண்மையில் எங்கே பார்க்கிறது என்பதைக் காட்டுவதில்லை. தான் எங்கே பார்ப்பதாகத் தாங்கி எண்ணிக்கொண்டிருக்கிறதோ அதையே காட்டுகிறது. மோட்டார் படிகளை எண்ணிக் கொண்டே வரும் தாங்கிக்கு வானம் தெரியாது. எனவே தொடக்கத்தில் அதற்கு இடமும் நேரமும் சொல்லி, தெரிந்த விண்மீன் ஒன்றையோ இரண்டையோ மூன்றையோ காட்டித் தன்னிலை உணர்த்தவேண்டும்.

நேரத்தில் 4 நிமிடம் தவறினால் வானத்தில் 1 பாகை தவறும். இந்தியாவும் இலங்கையும் கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி முந்திய நேரத்தைப் பின்பற்றுவதால், அரை மணியை விட்டுவிட்டு ஐந்து என்று பதிந்தால் 7.5 பாகையும், மேனாடுகளின் கோடைகாலக் கடிகார மாற்றம் தவறுதலாக இயங்கியிருந்தால் 15 பாகையும் விலகும். பல கைக்கருவிகள் அமெரிக்க முறைப்படி மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் கேட்கின்றன. மார்ச் 5 என்று கருதிப் பதிந்ததை அக்கருவி மே 3 என்று கொள்ளுமானால் 59 நாள் வேறுபாட்டில் விண்மீன்கள் ஏறத்தாழ 58 பாகை நகர்ந்துவிட்டிருக்கும், தாங்கி வீட்டுச் சுவரைக் காட்டி நிற்கும்.

இதைவிட நுட்பமானது ஆண்டின் அளவை. சூரியனும் நிலவும் புவியின் நடுப்பகுதிப் புடைப்பை ஈர்ப்பதால் புவியச்சு பம்பரம்போல் மெல்லத் தள்ளாடி, வல ஏற்றத்தை அளக்கத் தொடங்கும் புள்ளியை ஆண்டுக்குச் சுமார் 50.3 விகலை நகர்த்துகிறது. அயன அசைவு எனப்படும் இது, பஞ்சாங்கக் கணிதத்தில் அயனாம்சம் என்று திரண்டு நிற்கும் அதே அசைவு. விண்மீன் பட்டியல்கள் எந்நாளும் மாறாமல் இருக்க, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்து அச்சு நிலைக்கு ஏற்ப எண்களைத் தருகின்றன. தாங்கியோ அன்றைய இரவின் அச்சு நிலையில் சுழல்கிறது. 25 ஆண்டில் இவ்விரண்டுக்கும் இடையே 21 கலை வரை இடைவெளி விழும். முழுநிலவின் விட்டத்தில் அது மூன்றில் இரண்டு பங்கு. 2,000 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள தொலைநோக்கியில் 10 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் தெரியும் வானப்பரப்பு கால் பாகை அளவே இருக்குமாதலால், இலக்கு பார்வைக்கு வெளியே போய்விடும். ஸ்டெல்லேரியம் தொலைநோக்கியைப் பதியும்போதே, அது 2000ஆம் ஆண்டு அளவையை எதிர்பார்க்கிறதா அன்றைய நாளின் அளவையையா என்று கேட்பது இதற்காகத்தான்; பலரும் படிக்காமல் கடந்துபோகும் அந்த ஒரு வரியே, நாள் செல்லச் செல்ல வளரும் பிழையின் ஊற்று. இப்பிழை தன்னை மறைத்துக்கொள்ளவும் வல்லது: தவறான அளவையில் ஒரு விண்மீனைக் காட்டித் தாங்கியைச் சரிசெய்தால் அவ்விண்மீனின் அருகே எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும், வானத்தின் மறுபக்கம் திரும்பும்போதுதான் பிசகு வெளிப்படும்.

தாங்கியின் சொந்த நிலையும் உண்டு. துருவ அச்சுத் தாங்கியின் அச்சு, பார்ப்பவர் நிற்கும் அகலாங்கின் அளவுக்கே தொடுவானத்திலிருந்து உயர்ந்திருக்கவேண்டும். சென்னையில் அது 13 பாகை, கன்னியாகுமரியில் 8 பாகை. துருவமீனைப் பார்த்து அச்சைச் சீர்செய்யச் சொல்லும் ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் இவ்விடங்களில் பெரிதும் பயன்படுவதில்லை. அம்மீன் மரத்துக்கும் மாடிக்கும் தொடுவான மங்கலுக்கும் பின்னே கிடக்கும், அச்சு இவ்வளவு தாழ்ந்து சாயும்போது எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிப்பதும் உண்டு. ஆகவே தெற்கே, வடதெற்காகத் தலையுச்சி வழியே செல்லும் உச்சிவட்டத்தருகிலும், கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாகவும் உள்ள விண்மீன்கள் வடக்காகவோ தெற்காகவோ நழுவுகின்றனவா என்று பார்த்து, நழுவல் நிற்கும்வரை அச்சைத் திருத்தும் முறையே தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் பொருந்தும்.

படத்திலிருந்து இடமறிதல்

தாங்கியின் எண்ணத்துக்கும் உண்மைக்கும் இடையேயுள்ள இடைவெளியை அடைத்தது ஒளிப்படம். தொலைநோக்கி வழியே சில விநாடிப் படம் ஒன்றை எடுத்து, அதில் விழுந்த விண்மீன்கள் தமக்குள் அமைக்கும் வடிவங்களின் விகிதங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, படத்தின் மையம் வானத்தில் எங்குள்ளது, படம் எவ்வளவு சாய்ந்துள்ளது என்று கண்டுபிடிக்கும் கணக்கு, படத்திலிருந்து இடமறிதல் ஆகும். நான்கு நான்கு விண்மீன்களாகத் தொகுத்து ஒப்பிடும் அஸ்ட்ரோமெட்ரி நெட் நிரல், எந்த முன்குறிப்பும் இல்லாமலே இடத்தைக் கண்டுவிடக்கூடியது. தாங்கி திரும்பி நின்றதும் படம் எடுத்து, கண்ட இடத்தை ‘இதுவே நீ இருக்குமிடம்’ என்று தாங்கிக்கு அறிவித்து, மிச்சத் தொலைவை நகரச் சொல்லி, மீண்டும் படமெடுத்துப் பார்த்தால், இரண்டு மூன்று சுற்றில் இலக்கு நடுவே வந்துவிடும். முன்னர் மணிக்கணக்கில் பழகிப் பெற்ற திறமையை இது சில நிமிடத்தில் தந்துவிடுகிறது. வானியலை நகரத்து மொட்டைமாடியிலும் இயலச் செய்தவற்றுள் இதற்கு முதலிடம் தரலாம். துருவ அச்சு எவ்வளவு தவறியுள்ளது என்பதையும் சில படங்களைக் கொண்டே கணக்கிடும் வசதி ஈகோஸில் உள்ளது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளவேண்டும். பொருத்தல் என்பது ஒரு புள்ளியில் தாங்கியின் எண்ணைத் திருத்துவது மட்டுமே. சீரமைத்தல் என்பது பல விண்மீன்களைக் காட்டி அச்சின் சாய்வு, குழாயின் தொய்வு, அச்சுகள் செங்குத்தாக அமையாக் குறை ஆகியவற்றை ஒரு கணித மாதிரியாகத் தாங்கிக்குக் கற்பிப்பது. 1974இல் திறக்கப்பட்ட ஆங்கிலோ–ஆஸ்திரேலியத் தொலைநோக்கியில் பணியாற்றிய பாட்ரிக் வாலஸ் இத்தகைய மாதிரிகளைச் செம்மைப்படுத்தினார். அவருடைய டீபாயின்ட் நிரல் பின்னர் பல பெரிய வானாய்வகங்களுக்கும் சென்றது.

மோதலும் சூரியனும்

குழாய் ஒருபக்கமும் எதிரெடை மறுபக்கமும் அமையும் ஜெர்மன் வகைத் துருவ அச்சுத் தாங்கியில், கிழக்கிலிருந்து தொடரும் பொருள் உச்சிவட்டத்தைக் கடந்து வெகுநேரம் சென்றால் குழாய் முக்காலியில் இடிக்கும். அதைத் தவிர்க்கத் தாங்கி இரு அச்சுகளையும் புரட்டிக் குழாயை மறுபக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். இப்புரட்டல் எப்போது நிகழவேண்டும் என்ற வரம்பை இயக்கி நிரலில் முன்கூட்டியே பதியவேண்டும். கிடை–குத்துத் தாங்கிக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் உச்சந்தலைக்கு நேரே பொருள் செல்லும்போது செங்குத்து அச்சு கடுவேகத்தில் சுழலவேண்டியிருக்கும், நெடுநேரப் படத்தில் காட்சியும் மெல்லச் சுழலும். ஒரே திசையில் பலமுறை சுற்றினால் கம்பிகள் தாங்கியைச் சுற்றி முறுக்கிக்கொள்வதும் இரண்டுக்கும் பொது.

இரவு முடிந்ததும் தாங்கியை நிறுத்துநிலைக்குக் கொண்டுவந்தபின் மின்சாரத்தை அணைத்தால், அடுத்த முறை அது தன்னிடத்தை மறவாமல் தொடங்கும்; நடுவே மின்தடை நேர்ந்தால் படிக்கணக்கு அழிந்துபோகும், படத்திலிருந்து இடமறிந்தே மீட்கவேண்டும். பகலில் இணைத்துப் பழகுவோர் குழாயின் மூடியைக் கழற்றாமலிருப்பதும், சிறு தேடுதொலைநோக்கியையும் மூடிவைப்பதும் கட்டாயம். ஸ்டெல்லேரியத் திரையில் சூரியனும் மற்றப் பொருள்களைப் போலவே சொடுக்கத்தக்க ஒரு புள்ளிதான். கட்டளை பெற்ற தாங்கி அதை நோக்கி நேரே திரும்பும், வேறொரு கோளுக்குச் செல்லும் வழியிலும் சூரியனைக் குறுக்கே கடந்துபோகக்கூடும், அவ்வேளையில் வடிகட்டியின்றிக் கண்வைத்தவரின் பார்வை ஒரு கணத்தில் நிலையாகப் பறிபோய்விடும்.